கூண்டில் நிற்காத வண்டி

தேசிய அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவளைப் பொம்மையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பொம்மை மாதிரி சாதுவாக இருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நல்ல உயரம். வாயைத் திறந்தால் மாடியில் இருப்பவர்களுக்கும் கேட்கும். மக்கள் கூடத்தில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் நின்ற பொம்மைகள் அத்தனைக்கும் அவளுடைய முகம் இருந்தது. அதனால் வந்த பெயர்.

அந்தக் கூத்தைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக முடியும். நாட்டில் எத்தனை வகை மக்கள் உண்டோ அத்தனை பேரையும் ஒரே கூரையின் கீழ் காட்டப்போகிறோம் என்று வாசலில் பலகை மாட்டிவிட்டுக் கூடத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம். பொம்மை செய்ய வந்த சிற்பி, மலைக்கும் கடற்கரைக்கும் போய் ஒவ்வொரு வகை மக்களிடமிருந்தும் ஒரு முகத்தை அச்செடுத்து வருவதாகச் சொல்லியிருந்தார். திறப்பு விழா நெருங்கியும் மனிதர் பட்டறையை விட்டு அசையவில்லை. அங்கே கூட்டிக்கொண்டிருந்தவள் இவள். கல்யாணம் ஆன புதிது.

"இங்க வாம்மா, கொஞ்ச நேரம் உட்காரு" என்றார் சிற்பி.

முகமெல்லாம் எண்ணெய் தடவி, மூக்கில் இரண்டு குழல்களைச் செருகி, ஈரச் சாந்தை அப்பினார். மூச்சு விடலாம், சிரிக்கக் கூடாது என்றார். சிரிக்கக் கூடாது என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அவள் பல்லைக் கடித்து அடக்கினாள். அடக்கியதில் உதட்டோரம் ஒரு சுழிப்பு விழுந்து, அச்சிலும் அப்படியே பதிந்துவிட்டது.

அந்த ஒரே அச்சில் நாட்டு மக்கள் எல்லோரும் பிறந்தார்கள். மீசை ஒட்டினால் ஆண், ஒட்டாவிட்டால் பெண். கம்பளியைப் போர்த்தினால் மலைக்காரர், வலையைத் தோளில் போட்டால் மீன்பிடிப்பவர், கோலைக் கையில் கொடுத்தால் ஆடு மேய்ப்பவர். எல்லோரும் பார்வையாளர்களைப் பார்த்து லேசாக உதட்டைச் சுழித்துக்கொண்டு நின்றார்கள். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், "ஒவ்வொரு வகை மக்களுக்கும் உரிய முகக்களை எவ்வளவு தத்ரூபமாக வந்திருக்கிறது!" என்று மூக்கில் விரலை வைத்தார். துடைப்பத்தோடு மூலையில் நின்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கணவன் பேருந்தில் நடத்துநர். கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடிக்குள்ள இருக்கறவ எவ்வளவு அடக்கமா நிக்கறா! அங்கேருந்து ஒருத்தியக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றான்.

"தாராளமாக் கூட்டிட்டு வா. சோறு ஆக்கிப் போடுறாளான்னு நானும் பார்க்கறேன்" என்றாள் அவள்.

சிரித்தார்கள் சரி. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவளுக்குச் சுருக்கென்றது. அத்தனை கூண்டுகளிலும் அவளுடைய ஆட்களுக்கு ஒன்றுகூட இல்லை.

அவள் கைவண்டிச் சனத்தில் பிறந்தவள். சரக்கு ரயில் நிலையத்தின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரைகளின் கீழ் வாழ்கிறவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தெருத்தெருவாய் வண்டி தள்ளிப் பழைய சாமான் வாங்குவது அவர்களுடைய பிழைப்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக ஒரு கூவல் உண்டு. குரலைக் கேட்டே யார் வீட்டு வண்டி வருகிறது என்று சொல்லிவிடலாம். கல்யாணம் ஆகிப் போகும் பெண் தன் அம்மா வீட்டுக் கூவலைக் கடைசிவரை விடமாட்டாள். ஊர் தூங்கி எழும்போது அவர்கள் பாதித் தெருவைச் சுற்றி முடித்திருப்பார்கள். ஊரும் அவர்களைக் கண்டும் காணாமல்தான் இருந்தது. பழசைப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

துடைப்பம் பிடித்தவள் பிறகு கண்ணாடி துடைக்கும் வேலைக்கு வந்தாள். கூண்டுகளின் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. மகள் பிறந்தாள், படித்தாள், வெளியூரில் தாதியானாள். பொம்மையக்கா தினமும் காலையில் தன் முகத்துக்கு முன்னாலேயே ஈரத்துணியோடு நின்று, மலைக்காரர் மூக்கையும் மீன்பிடிப்பவர் நெற்றியையும் துடைத்தாள். தலை நரைத்தது அவளுக்கு மட்டும்தான். இயக்குநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் அவள் அதே கேள்வியோடு போய் நின்றாள்.

"எங்க ஆளுங்களுக்கு ஒரு கூண்டு எப்போ சார் வைப்பீங்க?"

ஒருவர் சிரித்தார். ஒருவர் பார்க்கலாம் என்றார். கடைசியாக வந்தவர்தான் உட்காரச் சொல்லிப் பதில் சொன்னார். மெலிந்த மனிதர், மெதுவாகப் பேசுவார், கெட்டவர் இல்லை. கூடத்தைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்திருந்தது.

"இது மக்கள் கூடம்மா. உங்களோடது ஒரு தொழில். தொழிலுக்கெல்லாம் பேழை வைக்க முடியுமா?" என்றார். கூண்டு என்று அவர் சொல்லமாட்டார். காட்சிப் பேழை.

"மீன் பிடிக்கறது தொழில் இல்லையா சார்? ஆடு மேய்க்கறது?"

"அவங்களுக்குன்னு பாட்டு இருக்கு, உடுப்பு இருக்கு, பொருள் இருக்கு. உங்களுக்குன்னு என்ன பொருள் இருக்கு? எல்லாமே அடுத்தவங்க வீட்டுப் பழசுதானே?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீங்களும் அடுத்தவங்க வீட்டுப் பழசைத்தானே சார் பொறுக்கி வச்சிருக்கீங்க? நாங்க வண்டியில வச்சா குப்பை, நீங்க கண்ணாடியில வச்சா பொக்கிஷமா?"

இயக்குநர் அதை மென்று விழுங்கினார். ஆனாலும் கூண்டு தரவில்லை. புதுப்பிக்கிற இந்தத் தடவை விட்டால் தன் காலத்தில் இனி நடக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போனால் அவளுடைய முகம் மட்டும் யார் யாருடைய உடுப்பையோ மாட்டிக்கொண்டு இங்கே நிற்கும். அவளைப் பெற்றவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு முழக் கண்ணாடி இருக்காது. அந்த எரிச்சல் அவளைத் தூங்கவிடவில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

புதிய கூடம் எப்படி அமையும் என்று காட்டுவதற்காக ஒவ்வொரு வகை மக்கள் சார்பிலும் ஒருவரை இயக்குநர் கூட்டத்துக்கு அழைத்திருந்தார். பொம்மைகளுக்கு நடுவிலேயே நாற்காலிகள் போடச் சொன்னார். போட்டது அவள்தான். ஒன்றைக் கூடுதலாகப் போட்டாள். எல்லோரும் வந்து அமர்ந்ததும், கைத்துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அதில் தானே உட்கார்ந்துகொண்டாள்.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இது பிரதிநிதிகள் கூட்டம். நீங்க யாரோட பிரதிநிதி?"

"இங்க இருக்கற எல்லாரோட முகமும் நான்தான் சார். என் சனத்துக்கு மட்டும்தான் முகம் இல்ல."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மலைக்காரர்கள் சார்பில் வந்திருந்த பெண்மணி அவளைப் பார்த்தார். திரும்பித் தன் மக்களின் பொம்மையைப் பார்த்தார். எழுந்துபோய்ப் பக்கத்துக் கூண்டைப் பார்த்தார். மீன்பிடிப்பவர்கள் சார்பில் வந்தவர் பொம்மையின் மீசையை விரலால் மறைத்துப் பார்க்க வேண்டிக் கண்ணாடியில் கையை வைத்தார். குட்டு உடைந்தது. அப்புறம் எழுந்த கூச்சலைச் சொல்லி மாளாது. "எங்க பாட்டன் முகம்னு பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டினேனே!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வந்தது நிற்கவில்லை. எல்லோரும் சுழித்த உதடுகளையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

இயக்குநருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முன்னே இருந்தவர்கள் செய்த வேலைக்கு அவர் மாட்டிக்கொண்டார், பாவம். எல்லோருக்கும் படிப்படியாகப் புது முகம் வரும் என்றார். கைவண்டி மக்களுக்கும் ஒரு பேழை உண்டு என்று அதே மூச்சில் சொல்லிவிட்டார். சொன்னதை அவள் விடவில்லை. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று நாற்காலி நாற்காலியாகக் கேட்டுத் தலையாட்ட வைத்த பிறகுதான் துணியைக் கையில் எடுத்தாள்.

கூண்டு வந்தது. நுழைந்ததும் கண்ணில் படுகிற நல்ல இடம். உள்ளே வைக்க ஒரு படம் வரைந்துகொண்டு வந்தார்கள்: முதுகில் மூட்டையோடு இரண்டாக வளைந்து நிற்கும் மனிதன். அவள் படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க ஆளுங்க வண்டிய நிமிந்து நின்னு தள்ளுவாங்க. குனிஞ்சா தெரு தெரியாது. பொம்மையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வண்டிய வைங்க, போதும்."

அவள் தம்பியின் வண்டியைக் கேட்டார்கள். புதிதாக ஒன்று செய்து வைத்தால் உயிரோட்டம் இருக்காதாம். அக்கா கேட்டால் தம்பி எதைத்தான் மறுத்திருக்கிறான்? புதுப்பித்த கூடத்தின் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், தெருச் சுற்றி முடித்த கையோடு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். புது வண்டி தயாராகும்வரை மச்சானுடைய வண்டியை மாற்றி மாற்றித் தள்ளிக்கொள்ளலாம் என்றான். தேய்ந்த கைப்பிடி, கொக்கியில் தொங்கும் தராசு, இரும்பா பித்தளையா என்று பார்க்கக் கயிற்றில் கட்டிய காந்தம் எல்லாம் அப்படியே இருந்தன. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மேலே விளக்கைத் திருப்பினார்கள். வண்டி பளபளத்தது. அவள் கூண்டைப் பூட்டிவிட்டுக் கண்ணாடியைத் தேவைக்கு மேல் துடைத்தாள். அன்று அவளுக்கு இருந்த பெருமையில் வேறெதுவும் தோன்றவில்லை. காலமெல்லாம் நிற்கிற பொருள்களுக்கு நடுவே உழன்றவளுக்கு, வண்டி நிற்பதும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் வேலை நாள். விருந்தினர்கள் வருவதற்கு முன்பே சனத்தில் கொஞ்சம் பேர் துவைத்த துணி உடுத்தி வந்துவிட்டார்கள். முதலில் நுழைந்தது அத்தை, அவளுடைய அப்பாவின் தங்கை. இன்னும் தானே வண்டி தள்ளுகிற, வைரம் பாய்ந்த கட்டை. அன்றைக்குத் தன் வண்டியை மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கூண்டைக் கண்டதும் அத்தையின் கால் அப்படியே நின்றது. ஓடிவந்து, அங்கே நின்றிருந்த தம்பியின் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருடா போயிட்டாங்க? உன் பெண்டாட்டி நல்லாத்தானே இருக்கா? பிள்ளைங்க?"

கைவண்டிச் சனத்தில் வேலை நாளன்று வண்டி நிற்காது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அண்ணன் தள்ளுவான், அவனுக்கும் முடியாவிட்டால் மச்சான் தள்ளுவான். தள்ளாமல் வண்டி ஒரே இடத்தில் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. அந்த வழியாகப் போகிறவர்கள் தங்கள் வண்டியை நிறுத்தாமல், குரலை மட்டும் அடக்கிக்கொண்டு கடந்துபோவார்கள்.

"யாரும் போகல அத்தை. இது சும்மா பார்வைக்கு" என்று தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே வண்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போயிற்று. பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் குரலை அடக்கிக்கொண்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கண்ணாடிக்கு முன்னால் துக்க வீட்டில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பொம்மையக்கா அவர்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை வருஷப் போராட்டம்! கடைசியில் தன் சனத்துக்குத் தானே சாவு வீடு கட்டி, விளக்கும் போட்டு வைத்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம் பொங்கியது. இடுப்புச் சாவியை எடுத்துக் கூண்டைத் திறந்தாள். குனிந்து சக்கரத்துக் கட்டையை உருவி எறிந்தாள்.

"எடுடா வண்டிய. நேரமாச்சு."

தம்பி ஏன் என்று கேட்கவில்லை. சத்தம் கேட்டு இயக்குநர் ஓடிவந்தபோது வண்டி பாதி வெளியே வந்திருந்தது.

"என்னம்மா பண்றீங்க? விருந்தாளிங்க வந்துட்டே இருக்காங்க!"

"வண்டி வேலைக்குப் போகுது சார். இன்னிக்கு வேலை நாள்."

"நீங்கதானே கூண்டு வேணும்னு சண்டை போட்டீங்க?" பதற்றத்தில் அவர் வாயிலும் கூண்டு வந்துவிட்டது.

"நான்தான் போட்டேன். ஆனா வேலை நாள்ல எங்க வண்டி நின்னா அந்த வீட்ல சாவுன்னு அர்த்தம். அது எனக்கே நேத்து உறைக்கல. எங்களை வைங்கன்னுதான் சார் கேட்டேன், புதைங்கன்னு கேக்கல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதைப் பாருங்க, வண்டி போச்சுன்னா காலிப் பேழைதான் மிஞ்சும். காலிப் பேழையைக் கூடத்துல வைக்க முடியாது. நாளைக்கே எடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்குன்னு இங்க ஒண்ணுமே இருக்காது."

அது வெறும் மிரட்டல் இல்லை, செய்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கேட்டுப் பெற்றது கைக்குள் இருந்தது. பேசாமல் சக்கரத்துக்குக் கட்டையைத் திரும்பக் கொடுத்திருந்தால் கூண்டு நின்றிருக்கும், பெயரும் நின்றிருக்கும். அவள் கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அத்தை இன்னும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"வீட்டுக்காரங்க வெளிய போயிருந்தா வீடு காலின்னு இடிச்சிடுவீங்களா சார்? இது எங்க கூண்டு. நாங்க வேலைக்குப் போயிருக்கோம், சாயங்காலம் வருவோம்."

"உங்க வேலை போயிடும்மா."

"போகட்டும். ஆனா என் முகத்தை எல்லாத்துலேருந்தும் கழட்டிக் குடுங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

அத்தைதான் முதலில் சிரித்தாள். தம்பி வண்டியை முன்வாசல் வழியாகவே தள்ளிக்கொண்டு போனான். விருந்தினர்களின் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து, அவன் தன் குடும்பத்துக் கூவலை எடுத்தான். அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே எடுத்தான்.

இயக்குநர் கூண்டின்மேல் துணி போட ஆளனுப்பினார். அவள் அவனைத் துணியோடு திருப்பியனுப்பினாள். கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவள் நாள் முழுக்க நகரவில்லை. சிறப்பு விருந்தினர் வந்து, "இது ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார். இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்.

"வேலைக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் வந்துருவாங்க."

விருந்தினர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார். வந்தவருக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டு மலைக்காரர் பக்கம் போனார். ஆனால் கூட்டம் போகவில்லை. நிறைந்த கூண்டுகளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் காலிக் கூண்டுக்குத் திரும்பி வந்தார்கள். யார், எங்கே போயிருக்கிறார்கள், என்ன வேலை என்று கேட்டார்கள். அவள் சொன்னாள், அத்தை சொன்னாள். தங்கள் தெருவுக்கு வருகிற கூவலை ஒரு பெண் அப்படியே கூவிக் காட்ட, "அது எங்க பெரியப்பா வீட்டு வண்டி" என்று அத்தை பூரித்துப்போனாள். சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டு, படிகளிலேயே உட்கார்ந்துவிட்டவர்களும் உண்டு.

வெயில் தாழ்ந்த பிறகு வண்டி திரும்பியது. உடைந்த நாற்காலி, மின்விசிறி, கட்டுக் கட்டாய்ப் பழைய காகிதம், ஒரு குழந்தைத் தொட்டில் என்று சாமான் வழிய வந்தது. படிகளில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். இரண்டு பேர் தள்ளவும் கை கொடுத்தார்கள். வாசலில் இயக்குநர் நின்றிருந்தார்.

"சாமானையாவது வெளிய இறக்கிட்டு வாங்களேன்" என்றார் தம்பியிடம்.

"வெறும் வண்டியோட வீட்டுக்கு வந்தா, இன்னிக்குப் பிழைப்பு இல்லேன்னு நினைப்பாங்க சார்."

காவலாளி ஒற்றைக் கதவைத்தான் திறந்து வைத்திருந்தான். தொட்டில் கதவில் இடித்தது. வண்டி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. பொம்மையக்கா இயக்குநரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கெஞ்சுகிற பார்வை இல்லை அது. அவர் சட்டைக் கையை மடித்தார். குனிந்து, துருப்பிடித்திருந்த கீழ்த் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்து, மறு கதவைத் தானே திறந்துவிட்டார்.

வண்டி கூண்டுக்குள் போய் நின்றதும் அவர் கையிலிருந்த துருவைத் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தார்.

"காலையில எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"நீங்க கூடத்தைத் திறக்கறதுக்கு முன்னாடியே."

"திரும்பி வர்றது மூடுற நேரத்துக்கு. அப்போ தினமும் வர்றவங்க இந்தக் கூண்டுல எதைம்மா பார்ப்பாங்க?"

அவள் சாவியைத் திருப்பிப் பூட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாங்க உயிரோட இருக்கோம்னு பார்ப்பாங்க சார்."